கன்னியம்மா தப்பாக இருக்க வேண்டும்

போன மாதம் உங்கள் ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டினீர்கள். ஒரு சிட்டிகை மலத்தை இயந்திரத்திடம் கொடுத்தால் அதில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் எல்லாவற்றின் பெயரும் திரையில் வரிசையாக வந்து நிற்கின்றன. பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன எனக்கு அன்று சாப்பாடு சரியாக இறங்கவில்லை. எங்கள் காலத்தில் ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டில் வளர்ந்தது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். காற்றுப் பட்டாலே செத்துப்போகிறவை குடலுக்குள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன என்பது தெரியும், அவை யார், என்ன செய்கின்றன என்று தெரியாது. ரயிலடிக்கு வந்து நின்றவர்களை மட்டும் பார்த்துவிட்டு ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் கைக்குத் தெரிந்த வேலைகள் எதுவும் இன்று உங்களுக்குப் பயன்படாது. பொறாமையைப் பற்றி வேண்டுமானால் சொல்லலாம். அது இன்னும் பழசாகவில்லை. இந்தத் தொழிலில் அது எல்லோருக்கும் வரும், நல்லவர்களுக்கும் வரும். வந்தால் என்ன செய்வது என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பொன்னேரியில் வேலை பார்த்தேன். நெல் மண்டிக்காரர் ஒருவரின் வீட்டு மாடிதான் ஆய்வகம். இரண்டு அறை, ஒரு நுண்ணோக்கி, ஒரு இன்குபேட்டர். மனிதர்களின் குடலில் எந்த பாக்டீரியா நிலையாகக் குடியிருக்கிறது, எது வந்து தங்கிவிட்டுப் போகிறது, மழைக்கும் வெயிலுக்கும் சாப்பாட்டுக்கும் தகுந்தபடி அந்தக் கூட்டம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. இரண்டு இடங்களிலிருந்து மாதிரிகள் வரும். ஒன்று, பழவேற்காடு ஏரியைப் படகில் கடந்தால் வரும் ஒரு மீனவர் குப்பம். மற்றொன்று, கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் கட்டுவதற்காக வந்து கொட்டகை போட்டுக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள்.

எனக்குச் சொந்த ஊர் திருவள்ளூர். அப்பா பெருமாள் கோவிலில் கைங்கர்யம் செய்துகொண்டிருந்தார். சனிக்கிழமை நான் வீட்டுக்குப் போனால் கொல்லைப்புறமாக நுழைந்து, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் கூடத்தில் கால் வைக்க வேண்டும். பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் தண்ணீர்ப் பரிசோதனை என்று சொல்வார். வாரநாட்களில் பொன்னேரியில் ஒரு டீச்சர் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். இவ்வளவு சிரமப்பட்டுப் பிடித்துவைத்துக்கொண்ட வேலை என்பதால், அந்த மாடி முழுவதும் எனக்கே சொந்தம் என்று ஓர் எண்ணம் எனக்கு இருந்தது. எங்கள் மேலதிகாரி ஒரு மருத்துவர். அவருடைய பெயரைச் சொல்லப்போவதில்லை. தன் பெயர் எங்கும் அடிபடுவதை விரும்பாத மனிதர் அவர். டாக்டர் என்றே சொல்கிறேன். எதையும் அவர் என்னைக் கேட்டுத்தான் செய்வார். அப்படி இரண்டு வருஷம் ஓடியது.

பிறகு கன்னியம்மா வந்தாள்.

அவள் அந்தக் குப்பத்திலேயே பிறந்தவள். ராயபுரத்தில் சித்தி வீட்டில் தங்கிப் பட்டம் படித்தவள். என்னைவிடச் சின்னவள். வேகமான கை, உரத்த சிரிப்பு. நான் ஒரு தட்டில் பாக்டீரியாவைப் பூசும் கம்பி வளையத்தை இழுத்துக்கொண்டிருக்கும்போது அவள் மூன்று தட்டு முடித்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். வந்த முதல் மாதமே டாக்டர் அவளிடம், உனக்கு என்ன தோணுதும்மா, என்று கேட்டார். என்னிடம் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. என்ன வளர்ந்தது என்று கேட்பார், நான் சொல்வேன். எனக்கு என்ன தோன்றுகிறது என்று ஒருவர் கேட்க முடியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தச் சமயம் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். குப்பத்தில் ஒரு வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோருடைய மாதிரியிலும் ஒரே வகை ஈ.கோலை பாக்டீரியா இருந்தது. வகையைக் காட்டிக்கொடுக்கும் சீரத்தை ஒரு துளி விட்டுச் சோதித்தால் எல்லாம் ஒரே மாதிரித் திரிந்தது. ஒன்றாகச் சாப்பிடும் குடும்பத்தில் பாக்டீரியாவும் ஒன்றாகிவிடுகிறது என்று எழுத ஆரம்பித்திருந்தேன். கன்னியம்மா அதைப் படித்துவிட்டு, அந்த வீட்டுக்குத் தானும் வருவதாகச் சொன்னாள். படகில் போனோம். அவள் அந்த வீட்டு அம்மாளோடு மீன் விலையெல்லாம் பேசிவிட்டு, மாதிரிக்குக் கொடுத்த பாட்டில்களை எப்படி நிரப்பினீர்கள் என்று போகிறபோக்கில் கேட்டாள்.

"கொயந்த ஒண்ணுதான் கேட்ட நேரத்துக்குப் போவுது. அதையே எல்லா பாட்லுலயும் போட்டுட்டேன். ஒரே ஊட்டுச் சோறு துன்ற வவுறுதானே, வேற இன்னா இருக்கப் போவுது?" என்றாள் அந்த அம்மாள்.

படகு கரை சேரும்வரை கன்னியம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். பொன்னேரியில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நான் அவளுக்கு முன்னால் வேகமாக மாடியேறி டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். நான் நேர்மையானவள் என்று அவர் பாராட்டினார். நேர்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவள் வாயால் அது அவர் காதுக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான். இருந்தாலும் இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா முடிவும் ஒன்றுபோலவே வந்தால், அதை ரசிப்பதற்கு முன்னால் பாட்டிலை நிரப்பியது யார் என்று கேளுங்கள்.

அதற்குப் பிறகு மாதிரிகள் வந்து குவிந்தன. என்னைப் பார்த்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போன பெண்கள், அவளைப் பார்த்ததும் பாட்டிலோடு படகுத்துறைக்கே வந்தார்கள். மத்தியானம் அவள் வீட்டிலிருந்து கொண்டுவரும் இறால் தொக்கை டாக்டர் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். நான் எட்ட உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவேன். அந்த வாசனை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்கள் நினைத்தார்கள். வாசனைக்கு நான் எப்போதோ பழகிவிட்டிருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டே பாக்டீரியாக்களைப் பற்றி, ஏதோ அக்கம்பக்கத்து மனிதர்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசிச் சிரிப்பார்கள். அதுதான் எனக்கு இறங்கவில்லை. அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டாள். என் கம்பி வளையத்தைக் கேட்காமல் எடுத்துக்கொண்டாள். ஊருக்குப் போய்விட்டு வந்தால் எனக்கென்று தாழம்பூ கொண்டுவந்து கொடுத்தாள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

என்னிடம் அவளுக்கு இல்லாத ஒன்று இருந்தது. அவள் வருவதற்கு முந்தைய மழைக்காலத்தில் காலரா பயம் வந்து, சுகாதார முகாம் ஒன்று குப்பத்தில் நோயில்லாதவர்களுக்கும் டெட்ராசைக்ளின் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனது. மாத்திரைக்கு முன்னாலும் மாதிரி எடுத்திருந்தேன், பின்னாலும் விடாமல் எடுத்துவந்தேன். குடலில் பழைய குடித்தனக்கார பாக்டீரியாக்கள் பாதி காணாமல் போயிருந்தன. காலியான இடத்தில் வேறு ஈ.கோலை வந்து உட்கார்ந்திருந்தது. அதை டெட்ராசைக்ளின் மட்டுமில்லை, குளோராம்பெனிகால், ஸ்ட்ரெப்டோமைசின், சல்ஃபா என்று நாலு மருந்தும் ஒன்றும் செய்யவில்லை. மாத்திரை நின்ற பிறகு சிலருடைய குடலில் பழையவை மெல்லத் திரும்பி வந்தன. சிலரிடம் புதியவை நகரவே இல்லை. யாரிடம் எது திரும்புகிறது, எது தங்கிவிடுகிறது என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வேலை முழுக்க முழுக்க என்னுடையது. கன்னியம்மாவின் வேகம் அதில் செல்லாது.

அவள் வந்து ஒன்றரை வருஷமானபோது, ஒரு தை மாதம் அதே குப்பத்தில் ரத்தபேதி வந்தது.

பெரும்பாலும் குழந்தைகள். கன்னியம்மாவின் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை ஒன்று இறந்துபோய்விட்டது. கன்னியம்மாவின் அக்கா மகள் செல்வி, மூன்று வயதுப் பெண், பொன்னேரி ஆஸ்பத்திரியில் துவண்டு கிடந்தாள். கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை. கன்னியம்மா ஆஸ்பத்திரிக்கும் மாடிக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். செல்வியிடமிருந்து ஷிகெல்லா என்ற பேதி பாக்டீரியாவை அவள்தான் பிரித்தெடுத்தாள். மருந்துகளை வைத்துப் பார்த்தபோது, நாலு மருந்துக்கும் அது மசியவில்லை. அதே நாலு மருந்து.

அவள் என் மேசைக்கு வந்து நின்றாள். என் தட்டுகளையும் தன் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அக்கா, இது வெளியிலேர்ந்து கத்துக்கினு வரல. உங்க ஈ.கோலைகிட்டேர்ந்து வவுத்துக்குள்ளயே வாங்கிக்கினு இருக்குது."

பாக்டீரியாக்கள் ஒன்றையொன்று தொட்டு இப்படிக் குணத்தைக் கைமாற்றிக்கொள்ளும் என்று வெளிநாடுகளில் எழுதியிருந்தார்கள். நானும் படித்திருந்தேன். இரண்டு வருஷத்துக்கு மேலாக அந்த ஈ.கோலை என் மேசைமேல்தான் இருந்தது. தடவிக் கொடுக்காத குறையாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது தன் குணத்தை வேறொன்றுக்குக் கொடுக்குமா என்ற கேள்வி எனக்குத் தோன்றவில்லை. தட்டு என்னுடையது, கேள்வி அவளுடையதாகிவிட்டது. இருக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

அவள் அப்போதே செய்து பார்த்தாள். மாத்திரைக் காலத்துக்கு முன்னால் எடுத்துவைத்திருந்த பழைய ஷிகெல்லா குழாய்கள் எங்களிடம் இருந்தன. அவை எல்லா மருந்துக்கும் சாகிறவை. அதில் ஒன்றை எடுத்து என் ஈ.கோலையோடு கலந்து வைத்து, மறுநாள் மருந்து கலந்த தட்டில் பூசினாள். ஷிகெல்லா வளர்ந்தது. மருந்தைத் தாங்கும் குணம் கைமாறிவிட்டது என்றாள். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

அவர் எழுந்ததற்குக் காரணம் இருந்தது. பேதியைக் கேள்விப்பட்டு, பின்னாலேயே காலராவும் வந்துவிடுமோ என்ற பயத்தில், ஏரியைச் சுற்றியுள்ள எல்லாக் குப்பங்களுக்கும் கும்மிடிப்பூண்டிக் கொட்டகைகளுக்கும் மறுபடி டெட்ராசைக்ளின் கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. பெட்டிகள் பொன்னேரிக்கு வந்து இறங்கிவிட்டன. வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து அதிகாரி வருகிறார், சனிக்கிழமை வினியோகம். கன்னியம்மா சொல்வது சரியென்றால், நோயில்லாதவர்களுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு மாத்திரையும் இந்தக் குணத்தை ஒவ்வொரு வயிற்றிலும் வளர்த்துவிடும், அடுத்து வருகிற நோய்க்கு மருந்தே இருக்காது. அவள் சொல்வது தப்பென்றால், தப்பான பேச்சைக் கேட்டு ஆயிரக்கணக்கான பேருக்குப் பாதுகாப்பை மறுத்ததாகிவிடும்.

திங்கட்கிழமை காலை டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார்.

"கன்னியம்மா பண்ணினதை நீ எடுத்துக்கோ. அதை உடைக்கப் பாரு."

நான் ஏன் சார், என்றேன். அவரே செய்யலாம், அல்லது சென்னைக்கு அனுப்பலாம்.

"எனக்கு அது சரியா இருக்கணும்னு ஆசை. அதனால என் கண்ணு எனக்கு உதவாது. இந்தக் கட்டடத்துல அவ தப்பா இருக்கணும்னு ஆசைப்படற ஆள் நீ ஒருத்திதான்மா."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். குரலில் கண்டிப்பு இல்லை, கேலியும் இல்லை. என் முகம் எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. ஒன்றரை வருஷமாக யாருக்கும் தெரியாது என்று நான் பொத்திவைத்திருந்ததை அவர் ஒரு கருவியைப்போல என்னிடமே எடுத்து நீட்டினார். வெளியே வந்து கைகழுவிவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியும். ஒன்றரை வருஷமாக அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் நான். எந்தக் கை எந்த இடத்தில் அவசரப்படும் என்று ரசிகர்களைவிட எதிரிகளுக்கு நன்றாகத் தெரியும். அவள் கலப்பதற்கு எடுத்த பழைய ஷிகெல்லா குழாயைத் தேடியெடுத்தேன். அதை மட்டும் தனியாக மருந்துத் தட்டில் பூசினேன். மருந்துக்குச் சாகிற ஷிகெல்லா என்பதால் தட்டு வெறுமையாக இருக்க வேண்டும். அவள் இதைத் தனியாகச் செய்து பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடும் அவசரத்தில் விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை தட்டைத் திறந்தால் அதில் பாக்டீரியா வளர்ந்த புள்ளிகள் இருந்தன. செல்வியின் ஷிகெல்லா கன்னியம்மாவின் கம்பி வளையத்தில் ஒட்டி அந்தப் பழைய குழாய்க்குள் போயிருக்க வேண்டும். அதாவது, அவள் தட்டில் கடைசியில் வளர்ந்தது குணம் வாங்கிக்கொண்ட ஷிகெல்லாவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. முதலிலிருந்தே உள்ளே இருந்ததாக இருக்கலாம். அவள் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்கப்போவதில்லை. ஜன்னலோரம் போய் நின்று மண்டியில் மூட்டை இறக்குவதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணச் செய்தி வந்த வீட்டில் நிற்பதுபோல இருந்தது. டாக்டர் திரும்பி வந்ததும் தட்டை அவர்முன் வைக்க வேண்டியது, உடைந்துவிட்டது சார் என்று சொல்ல வேண்டியது. பொய்யில்லை. என் வேலை முடிந்தது.

டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார், வரத் தாமதமானது. அந்தத் தாமதத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒன்று உறுத்த ஆரம்பித்தது. அவள் செய்த விதம் தப்பு என்பதைத்தான் நான் காட்டியிருந்தேன். அவள் சொன்னது தப்பா என்று நான் இன்னும் பார்க்கவே இல்லை. டாக்டர் என்னிடம் கேட்டது இரண்டாவதை. இப்போதே போய்ச் சொன்னால் சனிக்கிழமை மாத்திரையைக் கொடுத்து முடித்துவிடுவார்கள். அதன்பிறகு நிதானமாக யாராவது செய்து, அவள் சொன்னதுதான் சரி என்று வந்தால், அவளும் சரியாக இருப்பாள், நானும் அரைகுறையாக வேலை செய்தவளாக நிற்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், குப்பத்துக் குழந்தைகளைவிட எனக்கு முதலில் தோன்றியது இதுதான். அவள் தப்பு என்றால் திரும்பி எழ முடியாதபடி தப்பாக இருக்க வேண்டும். சந்தேகம் மிச்சமிருக்கும் தோல்வி எனக்குப் போதாது.

நேரம் குறைவாக இருந்தது. நானே அடைத்துவைத்து, வேறு யாரும் தொடாத பழைய ஷிகெல்லா குழாய் ஒன்று அலமாரியில் இருந்தது. அது சுத்தமா என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகு கலந்தால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். அதனால் சுத்தம் பார்ப்பதையும் கலப்பதையும் கூடவே ஆரம்பித்தேன். சுத்தமில்லை என்று தெரிந்தால் எல்லாவற்றையும் கொதிக்கவைத்துக் கொட்டிவிடலாம்.

புதன்கிழமை கன்னியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. குழந்தைக்கு நரம்பில் உப்புநீர் ஏற்றுகிறார்கள், இன்னும் கண் திறக்கவில்லை என்றாள். செவ்வாய்க்கிழமைத் தட்டை அவளிடம் காட்டினேன். இன்னொரு நாள் காட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் அவள் அன்று அதே குழாயை மறுபடி எடுத்துவிடக்கூடாது என்ற கவலையும் எனக்கு இருந்தது.

அவள் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தப்பு என்னுதுதான் என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்கு சந்தோசமா இருக்குதா?"

"இருக்கு," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "அப்ப நான் எதையும் தொட மாட்டேன். நீங்களே முழுசாப் பண்ணிப் பாத்துருங்க. பாதில உட்றாதீங்க," என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போனாள்.

அந்தப் பதிலுக்காகவும் எனக்கு அவள்மேல் பொறாமை வந்தது. அவளுடைய இடத்தில் நான் இருந்திருந்தால் அழுதிருப்பேன், அல்லது டாக்டரிடம் போய்ப் புகார் சொல்லியிருப்பேன்.

என் குழாய் சுத்தமாக இருந்தது. வியாழக்கிழமை மருந்துத் தட்டுகளில் பூசினேன். வெள்ளிக்கிழமை விடிந்ததும் போய்த் திறந்தேன். அந்தத் தட்டில் ஈ.கோலை வளர்ந்தால் இளஞ்சிவப்பாகத் தெரியும், ஷிகெல்லாவுக்கு நிறமிருக்காது. ஈ.கோலையை மட்டும் பூசிய தட்டு முழுக்க இளஞ்சிவப்பு. ஷிகெல்லாவை மட்டும் பூசிய தட்டில் ஒன்றுமே இல்லை, துடைத்து வைத்ததுபோலிருந்தது. இரண்டையும் கலந்து பூசிய தட்டில் இளஞ்சிவப்புப் புள்ளிகளுக்கு நடுவே, நீர்த்துளிபோல நிறமே இல்லாத புள்ளிகள். ஷிகெல்லா சீரத்தை விட்டேன். உடனே திரிந்தது, ஷிகெல்லாவேதான்.

அந்த ஷிகெல்லா இரண்டு நாள் முன்னால்வரை இந்த மருந்தில் ஒரு நொடி தாங்கியிருக்காது. ஈ.கோலையோடு இருந்த ஒரு பொழுதுக்குள் தாங்கக் கற்றுக்கொண்டது. நாங்கள் பரிணாமம் என்று படித்ததெல்லாம் யுகக்கணக்கில் நடப்பது. இது என் இன்குபேட்டருக்குள் நடந்திருந்தது. அழகாக இருந்தது. இவ்வளவு அழகான ஒன்றை முதலில் நினைத்துப் பார்த்தவள் அவள் என்பது வலித்தது. தட்டை மேலும் கீழும் திருப்பி, எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தேடினேன். என் குழாயையே சந்தேகப்பட்டேன். மருந்துத் தட்டு பழசோ என்று பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. இனி தேட இடமில்லை என்று தெரிந்த பிறகுதான் நம்பினேன்.

டாக்டர் வந்ததும் உடைந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். எவ்வளவு முயற்சி செய்தாய் என்றார். என்னால் முடிந்த மட்டும், என்றேன். வேறெதுவும் கேட்காமல் தட்டுகளை ஒரு துணியில் சுற்றிக்கொண்டார். இருவரும் தாலுகா அலுவலகத்துக்குப் போனோம்.

சென்னையிலிருந்து வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. பல ஊர்களில் காலராவைப் பார்த்தவர். டாக்டர் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு, இதைக் கண்டுபிடித்த பெண் எந்த ஊர் என்று விசாரித்தார். அதே குப்பம், அவள் அக்கா குழந்தையே ஆஸ்பத்திரியில் கிடக்கிறது என்று தெரிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பதற்றத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் பேச்சைக் கேட்டு நான் திட்டத்தை நிறுத்த முடியாது என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து நின்றேன். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. அவள் செய்ததில் தப்பு இருந்தது, அதைக் கண்டுபிடித்தது நான் என்று முதலில் சொன்னேன். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவ சொன்னது தப்பா இருக்கணும்னுதான் சார் நான் ஆரம்பிச்சேன். இன்னிக்குக் காலை வரைக்கும் அப்படித்தான் நினைச்சிண்டிருந்தேன். வேற குழாய், வேற கை, எல்லாம் மாத்திப் பாத்தாச்சு. அவ சொன்னதுதான் நடக்கிறது."

சரி, மாத்திரையை நிறுத்திவிட்டு நாளைக்குக் காலரா வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் தட்டு இல்லை. காலரா வருமா வராதா என்று எனக்குத் தெரியாது, அது பற்றி நான் எதையும் சோதிக்கவில்லை என்றேன். நோய் வந்தவர்களுக்கு மருந்து வேண்டும். அந்த மருந்து அன்றைக்கு வேலை செய்ய வேண்டுமானால், இன்றைக்கு நோயில்லாதவர்களுக்குக் கொடுக்காமலிருக்க வேண்டும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். தெரியாது என்று நான் சொன்னதுதான் அவரை நம்பவைத்தது என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். உங்களிடம் யாராவது அதிகாரத்தோடு கேள்வி கேட்கும்போது, தட்டில் இல்லாததைச் சேர்த்துச் சொல்ல நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

குப்பங்களுக்கு மாத்திரை நின்றது. பதிலாகக் கிணறுகளுக்கு பிளீச்சிங் பவுடரும் ஆஸ்பத்திரிக்கு உப்புநீர்ப் புட்டிகளும் வந்தன. கும்மிடிப்பூண்டிக்கான பெட்டிகளை ஒப்பந்தக்காரர்கள் முன்கூட்டியே வாங்கிப்போய்விட்டிருந்தார்கள். திரும்ப வாங்க முடியவில்லை. கோடையில் அந்தக் கொட்டகைகளிலிருந்து வந்த மாதிரிகளில் நாலு மருந்துக்கும் சாகாத அதே ஈ.கோலையை நான் பார்த்தேன். சரியாகச் சொன்னோம் என்ற திருப்தி எனக்கு வரவில்லை. கன்னியம்மாவுக்கும் வரவில்லை. அந்த ஆண்டு காலரா எங்கள் பக்கம் வரவில்லை. எங்களால் வரவில்லை என்று சொல்லமாட்டேன், நாங்கள் அதிர்ஷ்டசாலிகள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்வி கண் திறந்திருந்தாள். கன்னியம்மா வராந்தாவில் தன் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். அவர் வலை இழுத்துக் காய்த்த கையைக் கூப்பினார். அதிகாரி நிறுத்தச் சம்மதித்துவிட்டார் என்று சொன்னேன். அப்போ நீங்க உடைக்கலியா, என்றாள். உடைக்க முடியவில்லை என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது, விடக்கூடாது என்றும் இருந்தது.

அந்த வேலை ஆய்விதழில் கட்டுரையாக வெளியானபோது அவள் பெயர் முதலில் வந்தது. அதுதான் முறை. எல்லோரும் அதைப் பற்றி அவளிடம் கேட்டார்கள். நான் வருஷக்கணக்காகச் சேர்த்த, யாரிடம் எது திரும்புகிறது என்ற கணக்கு ஒரு பத்தியில் அடங்கிவிட்டது. சில மாதத்தில் சென்னையில் ஒரு பெரிய ஆய்வகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவள் போன அன்று மாடி எனக்கே திரும்பக் கிடைத்தது. மத்தியானம் தயிர்சாதத்தைப் பிரித்தபோது டாக்டரும் நானும் பேச ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

இளையவர்களே, உங்களில் சிலர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்து உள்ளுக்குள் எரிந்துகொண்டிருப்பீர்கள். அதை விட்டுவிடு என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, நான் விடவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். அந்த எரிச்சல் பாதி வழியில் கிடைக்கும் சின்ன வெற்றியோடு திருப்தியடையப் பார்க்கும். அங்கே நிற்காதீர்கள். அதைக் கடைசித் தட்டுவரை இழுத்துக்கொண்டு போங்கள்.

கன்னியம்மா சென்னைக்குப் போன அடுத்த வருஷம், ஒரு நாள் காலை ரயிலில் பொன்னேரிக்கு வந்து மாடியேறினாள். கையில் ஒரு டப்பா. அதற்குள் தட்டுகள். ஏதோ புதிதாகக் கண்டிருக்கிறாள், அங்கே எல்லோரும் பிரமாதம் என்கிறார்கள், அதனால் பயமாக இருக்கிறது, உடைத்துக் கொடுங்கள் என்றாள். இரண்டு வாரம் தலைகீழாக நின்று அதை உடைத்துக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுக் குப்பையில் போட்டாள். அதன்பிறகு புதிதாக எதைக் கண்டாலும் வெளியில் சொல்வதற்கு முன்னால் என்னிடம் வருவாள். பெரிய பதவிகளுக்குப் போன பிறகும் வந்தாள். சிலதை உடைத்தேன், பலதை உடைக்க முடியவில்லை. உடைக்க முடியாதவை எல்லாம் அவள் பெயரில் புகழடைந்தன. நான் பத்திரிகையில் படித்துவிட்டு அன்றைக்கு யாரோடும் பேசாமலிருப்பேன்.

அவள் ஓய்வுபெறும் வருஷம் கடைசியாக ஒரு தடவை வந்தாள். தலை நரைத்திருந்தது, மூச்சு வாங்கியது. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, திறக்காமல் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. எம்மேல பொறாமை போயிருந்திச்சுன்னா சொல்லிடுங்க. நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

"அப்படியேதான் இருக்கு," என்றேன்.

அவள் டப்பாவைத் திறந்து தட்டுகளை என் மேசைமேல் வைத்தாள்.